ஜாரிட் கேள்வித்தாள்: நல்ல அளவுகோல்தான், ஆனால் முக்கியமான ஒன்றைக் கேட்கவில்லை

மறதிநோய் வந்த அப்பாவையோ அம்மாவையோ பார்த்துக்கொள்கிறவர்களிடம் அது அவர்களுக்கு எவ்வளவு சுமையாக இருக்கிறது என்று அளக்க மருத்துவர்களும் ஆலோசகர்களும் நிரப்பச் சொல்லிக் கொடுக்கும் தாள் இது, முழுப் பெயர் ஜாரிட் சுமை நேர்காணல் (Zarit Burden Interview). ஸ்டீவன் ஜாரிட் என்ற முதுமையியல் ஆய்வாளரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் 1980இல் கொண்டுவந்தபோது 29 கேள்விகள் இருந்தன, இப்போது அதிகம் புழங்குவது 22. 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'ஏறக்குறைய எப்போதும்' என்றால் 4, ஆக மொத்தம் 88க்கு மதிப்பெண். எங்கள் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்வது அக்கா, அதனால் நிரப்பியது அவள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது நான்.

முதலில் பாராட்டு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை முறை குளிப்பாட்டுகிறீர்கள் என்றெல்லாம் இது கேட்பதில்லை. அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா, நாலு பேர் முன்னால் அவர் நடந்துகொள்வது கூச்சமாக இருக்கிறதா, உங்கள் உடம்பு கெட்டுவிட்டதா, இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா, இப்படித்தான் போகிறது. நேரில் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பதைத் தாண்டிப் பதில் வராது. தாளில் கட்டம் போட்டுக் கேட்டால் ஏனோ பதில் வந்துவிடுகிறது. கோபம் பற்றிய கேள்வியில் அக்கா முதலில் 'அடிக்கடி' என்று டிக் போட்டாள், அப்புறம் அழித்துவிட்டு 'சில சமயம்' என்று மாற்றினாள். அழித்த தடம் நன்றாகவே தெரிந்தது. இருபதாவது, இருபத்தொன்றாவது கேள்விகளில், அதாவது இன்னும் அதிகம் செய்ய வேண்டும், இன்னும் நன்றாகச் செய்யலாம் என்று தோன்றுகிறதா என்ற இடத்தில், யோசிக்காமல் இரண்டுக்கும் 'ஏறக்குறைய எப்போதும்' போட்டுவிட்டாள். முழுப் பொழுதையும் கொடுக்கிறவள்!

இதனால்தான் மொத்த மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 21 முதல் 40 வரை லேசானதிலிருந்து மிதமான சுமை, 61ம் அதற்கு மேலும் கடுமையானது என்று ஒரு வகைப்பாடு பரவலாக இருக்கிறது. சரி, இருக்கட்டும். ஆனால் அலுப்பில் வந்த 40ம் குற்ற உணர்ச்சியில் வந்த 40ம் ஒன்றா என்ன? முதலாமவருக்கு வேண்டியது ஓய்வு, இரண்டாமவருக்கு யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். கூட்டிப் பார்ப்பதை விட, எந்தக் கேள்வியில் 3ம் 4ம் விழுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் பிரயோஜனம்.

இனி குறை. இந்தத் தாள் பிறந்த அதே 1980 ஆய்வில் ஒரு சுவாரசியமான முடிவு இருக்கிறது. மறதிநோய் வந்தவரின் நடத்தைச் சிக்கல் எவ்வளவு என்பதற்கும் பராமரிப்பவர் உணரும் சுமைக்கும் அங்கே தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது வேறொன்றோடு: மற்ற உறவினர்கள் எவ்வளவு அடிக்கடி வந்து பார்க்கிறார்கள் என்பதோடு. வருகை கூடிய வீடுகளில் சுமை குறைவு. பார்த்தது 29 குடும்பங்களைத்தான், ஏற்கெனவே உறவு நன்றாக இருக்கும் வீட்டுக்குத்தானே ஆட்கள் வருவார்கள் என்றும் கேட்கலாம். இருந்தாலும், அப்படி ஒரு முடிவைக் கண்ட பிறகு 22 கேள்வியில் ஒன்றாவது "உங்கள் கூடப் பிறந்தவர்கள் எத்தனை முறை வருகிறார்கள்?" என்று இருக்க வேண்டாமா? இல்லை. மற்ற உறவுகளைப் பெரியவர் எப்படிப் பாதிக்கிறார் என்று கேட்கிறதே தவிர, அந்த உறவுகள் என்ன செய்கின்றன என்று கேட்பதில்லை. பராமரிக்கப்படுகிற பெரியவரின் தரப்பும் இதில் கிடையாது, பார்த்துக்கொள்வதில் கிடைக்கும் சந்தோஷத்துக்கும் இடம் கிடையாது, பெயரே சுமை என்பதால் அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

அதனால் என் சிபாரிசு, இதைப் பராமரிப்பவர் நிரப்பி மருத்துவரிடம் கொடுப்பதோடு நிறுத்தாமல், அவர் சம்மதித்தால், வெளியில் இருக்கும் அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் கையிலும் படிக்கக் கொடுங்கள். குடும்பக் கூட்டம் போட்டுப் பேசினால் வரும் சண்டையை விட இது பரவாயில்லை, ஏனென்றால் இங்கே யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, கட்டத்தில் டிக் மட்டும்தான் இருக்கிறது. அவசரத்துக்கு 2001இல் வந்த 12 கேள்விச் சுருக்கமும் இருக்கிறது. ஆனால் கையில் போதுமான பணம் இல்லையே என்ற கேள்வி அதில் விட்டுப்போயிருக்கிறது. செலவை யார் ஏற்பது என்பதுதான் உங்கள் வீட்டுப் பிரச்சினை என்றால் 22 உள்ளதையே வாங்கி நிரப்புங்கள்.