பஞ்சசீலமா, ஷாங்காய் கூட்டறிக்கையா?

சீன வெளியுறவு வரலாற்றைப் படிக்கத் தொடங்குவோர், இந்தியாவும் சீனாவும் 1954-ஆம் ஆண்டில் செய்துகொண்ட பஞ்சசீல ஒப்பந்தத்தை முதலில் எடுப்பதா, அமெரிக்காவும் சீனாவும் 1972-இல் வெளியிட்ட ஷாங்காய் கூட்டறிக்கையை எடுப்பதா என்று தயங்குவதுண்டு.

எளிமை: பஞ்சசீலம் எனப்படும், ஒப்பந்தத்தின் முன்னுரையிலுள்ள அமைதியான சகவாழ்வுக்கான ஐந்து கொள்கைகளையும் ஒரே மூச்சில் படித்துவிடலாம், ஷாங்காய் அறிக்கையையோ சொல் சொல்லாக நிறுத்திப் படிக்க வேண்டும்.

ஆயுள்: திபெத் வணிகம் பற்றிய அந்த இந்திய–சீன ஒப்பந்தம் எட்டே ஆண்டுகளில், 1962 ஜூனில் காலாவதியாக, அக்டோபரில் போரே மூண்டது. ஷாங்காய் அறிக்கையிலோ அமெரிக்கா, சீனா ஆகிய இரு தரப்பும் தத்தம் கருத்துகளைத் தனித்தனியே எழுதிவைத்தன. தைவான் நீரிணையின் இருபுறச் சீனரும் சீனா ஒன்றே எனக் கருதுவதைத் தான் அறிந்திருப்பதாகவும், அந்நிலைப்பாட்டை மறுக்கவில்லை என்றும் மட்டுமே அமெரிக்கா கூறியது. வேறுபாட்டை மூடி மறைக்காததே அது நிலைத்ததற்குக் காரணம் என்பது என் துணிபு.

இந்திய–சீன உறவை அறிய விரும்புவோர் பஞ்சசீலத்தில் தொடங்கலாம். தைவான் சிக்கலை அறிய ஷாங்காய் அறிக்கையே ஏற்றது.