பழைய ஆம்ப்புக்கு ஆர்சிஏ ஜாக் மாற்றக் கொடுக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

என்னுடையது 1970களில் வந்த ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). பின்பக்கத்தில் கேபிள் செருகும் ஆர்சிஏ இன்புட் ஜாக்குகள் கறுத்துப்போய், கேபிளை லேசாகத் தொட்டாலே ஒரு பக்கம் சத்தம் போய்விடும், அசைத்தால் திரும்ப வரும். வேறு எந்தக் குறையும் கிடையாது. சர்வீஸ்காரர் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் கோல்ட் ஜாக்கா மாத்திடலாம் சார்" என்றார். சரி என்று கொடுத்தேன்.

வந்ததும் போனோவில் (டர்ன்டேபிளுக்கான இன்புட்) வைத்தால் ஒரே ஹம், அதாவது விடாத உறுமல். வால்யூமைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடுகிறது. கேட்டால், "பழைய செட்டு சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார். கொடுக்கும்போது இந்த ஹம் துளியும் இல்லை.

மூடியைக் கழற்றிப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பழைய ஜாக்குகள் ஒரு பழுப்பு நிற அட்டை போன்ற பட்டையில் ரிவெட் அடித்து, சாசிஸில் (ஆம்ப்பின் உலோக உடலில்) எங்குமே படாமல் இருந்தன. அந்தப் பட்டையைப் பெயர்த்து எறிந்துவிட்டு, பேனலில் டிரில் போட்டு, இன்சுலேஷன் வாஷர் ஒன்றுகூட இல்லாமல் புது ஜாக்குகளை நேராகத் தகரத்தில் முடுக்கியிருக்கிறார். இந்த மாதிரி ஆம்ப்களில் இன்புட் கிரவுண்டை, அதாவது சிக்னல் திரும்பும் இணைப்பை, பெரும்பாலும் ஒரே ஒரு இடத்தில்தான் சாசிஸோடு சேர்த்திருப்பார்கள். இப்போது ஒவ்வொரு ஜாக்கும் தனித்தனியாகச் சேர, கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் பல வழியில் சேர்ந்து வளையமாவது) உண்டாகி, டிரான்ஸ்ஃபார்மரின் ஹம் எல்லாம் உள்ளே ஏறுகிறது. சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும், அதில் இது அமுங்கிவிடும். டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிஜ் தருவதோ சில மில்லிவோல்ட்தான், அதனால் போனோவில் அப்படியே கேட்கிறது. போதாததற்கு, வெளி இரைச்சலைத் தடுக்க உலோக உறை போட்ட ஷீல்டு வயரை வெட்டிவிட்டுச் சாதாரண வயர் போட்டிருந்தார்.

என்னால் பொறுக்கவே முடியாதது இன்னொன்று. டிரில் போட்ட உலோகச் சுருள்களை அவர் துடைக்கவே இல்லை, ஒன்று பவர் சப்ளை போர்டுக்கு அடியில் கிடந்தது. அது இரண்டு தடத்தைச் சேர்த்துத் தொட்டிருந்தால் ஆம்ப் எரிந்தே போயிருக்கும்.

வேறொருவர் பிளாஸ்டிக் வாஷரும் ஷீல்டு வயரும் போட்டுக் கொடுத்தார், ஹம் நின்றுவிட்டது. ஆனால் பேனலில் போட்ட ஓட்டையை யாரால் அடைக்க முடியும்? பழைய பட்டையைக் கேட்டால், குப்பையில் போட்டுவிட்டாராம்.

ஜாக் கறுத்திருந்தால் முதலில் காண்டாக்ட் கிளீனர் தொட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்து, பின்னால் உள்ள சால்டரை மறுபடி உருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் அதுவே போதும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் டிரில் போடுவீர்களா, வாஷர் போடுவீர்களா, கழற்றிய பாகம் திரும்பக் கிடைக்குமா என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். வயர் சால்டர் செய்வதற்கு முன்பே ஜாக்கின் வெளி வளையத்துக்கும் சாசிஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், தொடர்பே காட்டக்கூடாது. அப்புறம், டர்ன்டேபிளை மாட்டி போனோவில் வால்யூமைக் கூட்டிக் கேட்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.