டி.என்.எஃப் தடுப்பு ஊசிகள்: மூன்றில் எது, யாருக்கு?

முடக்குவாதத்தில் மூட்டை அரிப்பதும் டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதம்தான், நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி கிரானுலோமா என்ற வேலியைக் கட்டிக் காப்பதும் அதேதான். மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அதிகமாகச் சுரக்கும் இந்தப் புரதம் முதலில் செல்லின் சவ்வில் ஒட்டியிருக்கும். பிறகு ஒரு நொதி வெட்டிவிட, இரத்தத்தில் கலக்கும். எந்த வடிவத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதில்தான் இதைத் தடுக்கும் ஒவ்வொரு மருந்தும் வேறுபடுகிறது. காசநோய் மலிந்த இந்தியாவில் ஊசியைத் தேர்வு செய்யும்போது விலைக்கு முன்பே பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்ஃப்ளிக்ஸிமாப் எலிப் பகுதியும் மனிதப் பகுதியும் சேர்ந்த ஆன்டிபாடி, அதாவது குறிவைத்துப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம். அடாலிமுமாப் முழுக்க மனித ஆன்டிபாடி. இரண்டும் இரத்தத்தில் திரியும் டி.என்.எஃப்பை மட்டுமல்ல, சவ்வில் உள்ளதையும் இறுகப் பற்றும். அந்தச் செல்லையே அழிக்கவும் வல்லவை. எட்டானெர்செப்ட் ஆன்டிபாடி அல்ல. டி.என்.எஃப் வந்து அமரும் ஏற்பியையே எடுத்து ஆன்டிபாடியின் வால்பகுதியில் ஒட்டிய புரதம். பிடிக்கும், ஆனால் விரைவில் விட்டுவிடும். இந்தத் தளர்வால் வேலி முழுதாகச் சரிவதில்லை என்பதே பரவலான விளக்கம். பிரிட்டன் முடக்குவாதப் பதிவேடு 2010-ல் தந்த கணக்கில், ஒரு லட்சம் நோயாளி-ஆண்டுகளுக்கு (ஒருவர் ஓராண்டு மருந்தில் இருந்தால் ஒன்று) காசநோய் அடாலிமுமாபில் 144, இன்ஃப்ளிக்ஸிமாபில் 136, எட்டானெர்செப்டில் 39. காசநோய் குறைந்த நாட்டின் எண்கள் இவை; அப்படியே இங்கே பொருந்தா. ஆனால் மூன்றரை மடங்கு வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது.

அதனால் மூட்டு மட்டுமே பாதித்திருந்தால் எட்டானெர்செப்டில் தொடங்குவதே என் பரிந்துரை: வாரம் 50 மி.கி., தோலுக்கடியில். ஆனால் கிரான் நோய் என்ற குடல் அழற்சியில் அது வேலை செய்யாது. முதுகெலும்பு மூட்டழற்சியோடு கண்ணின் உள்ளே யுவியைட்டிஸ் என்ற அழற்சி திரும்பத் திரும்ப வருபவருக்கும் ஏற்றதல்ல. குடலோ கண்ணோ சேர்ந்துவிட்டால் ஆன்டிபாடி வகைதான் வழி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே 40 மி.கி. போட்டுக்கொள்ளலாம் என்பதால் அடாலிமுமாப் வசதியானது. அதன் உலகின் முதல் பயோசிமிலரை (மூல மருந்தை ஒத்த நகல் மருந்தை) 2014-ல் சைடஸ் நிறுவனம் இந்தியாவில்தான் கொண்டுவந்தது.

இன்ஃப்ளிக்ஸிமாப் மருத்துவமனையில் ஏற்ற வேண்டியது. முடக்குவாதத்தில் கிலோவுக்கு 3 மி.கி., வழக்கமான முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டுடன் சேர்த்து. 0, 2, 6-ஆம் வாரங்களில், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ எடைக்கு 180 மி.கி., அதாவது 100 மி.கி. குப்பி இரண்டு. ஒவ்வொரு குப்பியிலும் 10 மி.லி. ஊசி நீர் விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும். 250 மி.லி. சலைனில் கலந்து, வடிகட்டி வைத்த குழாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, பணம் கிடைக்கும்போது மட்டும் போட்டுக்கொள்வது. இடைவெளி நீண்டால் உடல் மருந்துக்கே எதிராக ஆன்டிபாடி உருவாக்கும்; அடுத்த முறை ஏற்றும்போது மூச்சிறைப்பு, தடிப்பு, இரத்த அழுத்தச் சரிவு வரலாம். தொடர்ந்து செலவழிக்க இயலாதவருக்கு மூன்றில் மிகவும் பொருந்தாதது இதுவே.

எதைத் தேர்ந்தாலும் முன்சோதனைகள் ஒரே மாதிரிதான்: மார்பு எக்ஸ்ரே, காசநோய்த் தொற்றைக் காட்டும் மாண்டூ தோல் சோதனை அல்லது இக்ரா இரத்தச் சோதனை, ஹெபடைட்டிஸ் பி. மாண்டூவில் 5 மி.மீ. தடிப்பே இவர்களுக்குப் பாசிட்டிவ். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. சிலருக்குப் பொய்யாகத் தடிப்பைத் தரும். ஸ்டீராய்டு உண்மையான தடிப்பையும் மறைக்கும். உறங்கும் தொற்று என்று தெரிந்தால் காசநோய் மருந்தான ஐசோனியாசிட் தினமும் 300 மி.கி., பைரிடாக்ஸினுடன் (வைட்டமின் பி6) தொடங்கி, குறைந்தது ஒரு மாதம் கழித்தே முதல் ஊசி. சோதனை நெகட்டிவ் என்றாலும் புதுத் தொற்று எப்போதும் வரலாம். இவர்களுக்கு வரும் காசநோய் பல நேரம் நுரையீரலுக்கு வெளியே, நெறிக்கட்டியாகவோ வயிற்று நீராகவோ வரும். எக்ஸ்ரே சரியாக இருக்கிறதே என்று மாலைக் காய்ச்சலையும் எடைக்குறைவையும் விட்டுவிடக் கூடாது.

கருவுற்ற பெண்ணுக்கு இன்னொரு கணக்கு உண்டு. இன்ஃப்ளிக்ஸிமாபும் அடாலிமுமாபும் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். அந்தக் குழந்தைக்கு வழக்கம்போல் பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டால் அந்த உயிருள்ள கிருமியே உடலெங்கும் பரவக்கூடும். குறைந்தது ஆறு மாதம் தள்ள வேண்டும். பிரசவ அறையில் கேட்காமலே போட்டுவிடுவார்கள் என்பதால், கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

முதலில் நன்றாகக் கேட்ட ஊசி பிறகு கேட்காமல் போனால், பெரும்பாலும் மருந்துக்கு எதிரான ஆன்டிபாடிதான் காரணம். இதே வகையில் வேறொன்றுக்கு மாறலாம். தொடக்கத்திலிருந்தே கேட்கவில்லை என்றால் அந்த நோயை ஓட்டுவது டி.என்.எஃப்பாக இல்லாமல் இருக்கலாம். வேறு பாதையைத் தடுக்கும் மருந்தைத் தேடுவதே சரி.