லீஸ் காரைத் திருப்பித் தரும் முன்: கீறலைச் சரிசெய்வதா, கட்டணம் கட்டுவதா?

பிரிட்டனில் லீஸ் முடிந்த காரைப் பெரும்பாலான நிறுவனங்கள் பி.வி.ஆர்.எல்.ஏ. என்ற வாடகை, லீஸ் வாகன நிறுவனங்களின் சங்கத்தின் தேய்மான விதிகளை வைத்துத்தான் சோதிக்கின்றன. அதை மீறிய சேதத்துக்குக் கட்டணம் உண்டு. அடிப்பூச்சான ப்ரைமரோ உலோகமோ தெரியாதவரை 25 மி.மீ. கீறல் ஏற்கப்படும். பெயின்ட் உடையாத சொட்டை 15 மி.மீ. வரை, ஒரு பேனலில் இரண்டு இருக்கலாம். கூரையில் ஒன்றுகூடக் கூடாது. அலாய் வீல் விளிம்பில் மொத்தம் 50 மி.மீ. உரசல்வரை கேள்வியில்லை. இதற்குள் அடங்குவதற்குச் செலவழிப்பது வீண்.

ஒப்படைக்கப் பத்துப் பன்னிரண்டு வாரம் இருக்கும்போதே காரைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். ஈரம் கீறலை மறைத்துவிடும். நிறுவனத்தின் சேதக் கட்டணப் பட்டியலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் எந்த ஒப்பீடும் அரைகுறைதான்.

பாலிஷா, டச்-அப் பெயின்டா?

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் அது பெரும்பாலும் நிறத்துக்கு மேலுள்ள நிறமற்ற படலமான கிளியர் கோட்டோடு நிற்கிறது. தேய்க்கும் காம்பவுண்டும் பாலிஷும் போதும். ஆனால் அந்தப் படலம் சுமார் 40, 50 மைக்ரான்தான். ஒரே இடத்தில் மெஷினை வைத்துத் தேய்த்தால் படலமே போய்விடும், பிறகு முழுப் பேனலுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

நகம் தடுக்கும் கீறலில் டச்-அப் பேனாவை இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷேட் குறியீடு சரியாக இருந்தாலும் மெட்டாலிக் நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். நிறம் சேராத, மேடு தட்டிய ரிப்பேரைச் சோதிப்பவர் தனிச் சேதமாகவே எழுதுவார். ஏற்கப்பட்டிருக்கக்கூடிய கீறலுக்கும் அப்போது பணம் கட்ட நேரும்.

சொட்டைக்கு: பி.டி.ஆர். அல்லது பாடி ஷாப்

பெயின்ட் உடையாத சொட்டைக்கு, பெயின்ட் அடிக்காமலே சொட்டை எடுக்கும் பி.டி.ஆர். முறைதான் என் தேர்வு. பேனலின் பின்பக்கம் கம்பி விட்டுத் தள்ளியோ, பசை ஒட்டி முன்பக்கம் இழுத்தோ எடுப்பார்கள். அசல் பெயின்ட் அப்படியே இருக்கும். பேனல் ஓரம், இரட்டைத் தகடு உள்ள இடம், கதவின் மடிப்புக் கோடு ஆகியவற்றில் இது கடினம். அலுமினிய பானெட்டிலும் அப்படியே. பெயின்ட் வெடித்திருந்தால் பாடி ஷாப்தான்.

உரசலுக்கு: ஸ்மார்ட் ரிப்பேர் அல்லது பாடி ஷாப்

வீட்டு வாசலுக்கே வந்து, சேதமான இடத்தை மட்டும் சரிசெய்யும் ஸ்மார்ட் ரிப்பேருக்கு ஏற்ற இடம் பம்பர் மூலை. தேய்த்து, பட்டி வைத்து, ப்ரைமர், நிறம், கிளியர் என அடித்து, புதுப் பெயின்ட்டின் ஓரத்தை வளைவிலோ கோட்டிலோ தெரியாமல் கரைத்துவிடுவார்கள். பானெட்டின் நடுவிலும் கதவின் நடுவிலும் கரைக்க அப்படி ஓர் எல்லை இல்லை. கிளியர் முடியும் இடம் வட்டமாகத் தெரியும், நாளடைவில் அங்கே உரியவும் கூடும். அங்கெல்லாம் பாடி ஷாப்பில் பேனல் முழுக்க கிளியர் அடிப்பதே சரி. மழை, குளிர், தூசு உள்ள நாளில் திறந்த வெளியில் பெயின்ட் அடிக்கவே விடாதீர்கள்.

பின்பம்பர் மூலைக்குள் ரேடார் சென்சார் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பட்டியும் தடித்த பெயின்ட்டும் அதன் அலையைக் கெடுக்கும். பல தயாரிப்பாளர்கள் அந்த இடத்தில் ரிப்பேரைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

அலாய் வீல்

முழுக்கப் பெயின்ட் அடித்த வீல் என்றால் வாசலிலேயே முடியும். முகப்பு உலோகத்தைக் கடைந்து மினுக்கிய டைமண்ட் கட் வீலுக்கு லேத் வேண்டும். ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் குறைவதால் எத்தனை முறையும் கடைய முடியாது. அதன்மேல் வெள்ளிப் பெயின்ட் பூசித் தருவதாகச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். மற்ற மூன்று வீலோடு பொருந்தாது.

அப்படியே விட்டுவிடுவது

லீஸ் நிறுவனத்தின் கட்டணம் சில நேரம் வெளிக்கடை விலையைவிடக் குறைவு. பட்டியல் பேனல் கணக்கில் இருந்தால், ஒரே பேனலில் உள்ள மூன்று கீறலில் ஒன்றை மட்டும் சரிசெய்வதால் ஒரு பவுண்டுகூட மிச்சமாகாது. அவர்கள் பிறகு ரிப்பேர் செய்யாமலே ஏலத்தில் விற்றாலும் கட்டணம் உண்டு, மதிப்பிழப்புக்காக வாங்குகிறார்கள்.

முன்கண்ணாடியில் விழுந்த சிறு சிப்பை மட்டும் விட்டு வைக்காதீர்கள். விரிசலாக ஓடுவதற்குள் ரெசின் ஏற்றிவிடுங்கள். மற்றச் சிறு சேதத்துக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம் செய்தால், நீங்கள் ஏற்க வேண்டிய எக்ஸஸும் இழக்கும் நோ-க்ளெய்ம் சலுகையும் சேர்ந்து பெரும்பாலும் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

மாதத் தவணை கட்டி, முடிவில் காரைத் திருப்பித் தரவோ வாங்கிக்கொள்ளவோ வழியுள்ள பி.சி.பி. ஒப்பந்தத்தில் கடைசிப் பெருந்தொகையைக் கட்டி காரை வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தச் சோதனையே கிடையாது.