மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கக் கொடுக்கிறீர்களா? முதலில் பக்கெட்டை எண்ணுங்கள்

கடை, குடோன், மண்டபம் என்று கட்டடம் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் தண்ணீர் இறங்காமலிருக்க வேலை எடுக்கிற நேரம் இது. தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 2023-ல் நான் 1,35,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிட, என்னை நம்பி மேல்மாடியில் அச்சகம் நடத்துகிறவருக்கு வந்த நஷ்டம்தான் இன்னும் உறுத்துகிறது.

கட்டடம் அம்பத்தூரில் இருக்கிறது. 2004-ல் அப்பா கட்டியது. மாடி 3,000 சதுர அடி. அந்த நாள் வழக்கப்படி கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, அதற்கு மேல் தட்டோடு பதித்திருந்தார்கள். பதினெட்டு வருஷம் ஒரு சொட்டு இறங்கவில்லை. 2022 மழையில்தான் மழைநீர்க் குழாய் ஓரம் சீலிங்கில் ஓதம் தெரிந்தது. மேலே போய்ப் பார்த்தால் ஓட்டு இணைப்புகளில் சிமெண்ட் பெயர்ந்திருந்தது, தெற்கு மூலையில் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கெட்டுப்போய் ஒரு அங்குலத்துக்குத் தண்ணீர் நின்றது.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வேலை செய்யும் மேஸ்திரி, ஓட்டையும் ஜல்லியையும் எடுத்துவிட்டுப் புதிதாக வாட்டம் வைக்கச் சொன்னார். இன்னொருவர் ஏபிபி ஷீட், அதாவது கேஸ் பர்னரால் சூடாக்கி ஒட்டும் தார் ஷீட் போடலாம் என்றார். மூன்றாவதாக வந்த நிறுவனம், "எதையும் உடைக்க வேண்டாம் சார், இருக்கிற ஓட்டு மேலேயே அக்ரிலிக் கோட்டிங், நடுவில் ஃபைபர் வலை, காய்ந்த பிறகு ஒரு மில்லிமீட்டர் கனம், பத்து வருஷம் கேரண்டி" என்றது. சதுர அடிக்கு 45 ரூபாய். உடைக்க வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். மேஸ்திரி அப்போதே சொன்னார்: "தம்பி, ஓடும் ஜல்லியும் தண்ணி குடிச்சிருக்கு. மேல எதை அடிச்சாலும் நிக்காது." கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஆட்கள் வந்தார்கள். இரண்டு நாள் முன்னால்தான் நல்ல மழை. வந்த அன்று பிரஷர் பம்ப் வைத்து மாடியைக் கழுவினார்கள். மறுநாள் மதியமே பூச்சு ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள் மாலை மாடி பளீரென்று வெள்ளையாக இருந்தது. மீதிப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்தேன்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. நாலாம் தேதி விடியற்காலை அச்சகக்காரர் போன் செய்தார். "அண்ணே, பேப்பர் மேல சொட்டுது." தெருவில் முழங்கால் தண்ணீர். நான் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. பதினெட்டு ரீம் ஆர்ட் பேப்பர் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகியிருந்தது. முன்பு ஒரு இடத்தில் இருந்த ஓதம் இப்போது ஐந்து இடத்தில்.

மழை விட்டதும் மாடிக்குப் போனேன். வெள்ளைப் பூச்சு அங்கங்கே அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. ஒரு கொப்புளத்தைக் காலால் அழுத்தினேன், உள்ளிருந்து தண்ணீர் பீச்சியது. ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது பாலாடை போல முழங்கை நீளத்துக்கு உரிந்து வந்தது. அடிப்பக்கம் முழுக்கச் செங்கல் தூள். கனம், மளிகைக் கடையில் கொடுக்கும் நல்ல பாலிதீன் பைக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஃபைபர் வலை கைப்பிடிச் சுவர் ஓரத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு இருந்தது, நடு மாடியில் எங்குமே இல்லை.

காலி பக்கெட்டுகளைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இருபது லிட்டர் பக்கெட், ஐந்து. அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றிப் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். 3,000 சதுர அடி என்றால் சுமார் 279 சதுர மீட்டர். அக்ரிலிக் பூச்சில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, காயும்போது கனம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகவே காய்ந்த பின் ஒரு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 560 லிட்டர், அதாவது 28 பக்கெட் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 100 லிட்டர். ஈரத்திலேயே 0.36 மில்லிமீட்டர், காய்ந்த பிறகு அதிலும் பாதி. இந்தக் கணக்கை வேலை நடக்கும்போதே போட்டிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

கனம் மட்டும் சரியாக இருந்திருந்தாலும் என் மாடியில் அது நின்றிருக்காது. அக்ரிலிக் பூச்சு வெயிலைத் தாங்கும், ஓடிவிடும் மழையையும் தாங்கும். நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் ஊறி இளகிவிடும். தண்ணீர் நிற்கிற மூலையை வாட்டம் சரிசெய்யாமல் அதன் மேலேயே அடித்தது முதல் தப்பு. ஈரம் குடித்த ஜல்லி மேல் அடித்தது இரண்டாவது தப்பு. வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மேலே வரப் பார்க்கும், வழியில்லாமல் பூச்சைத் தள்ளித் தூக்கும். கொப்புளம் வந்த காரணம் அதுதான். ஏபிபி ஷீட்டை ஈரத் தளத்தில் ஒட்டினாலும் இதே கதிதான்.

கேரண்டி காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டேஷனில் பத்து வருஷம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கத்தில், தேங்கும் தண்ணீரால் வரும் சேதம் சேராது, பழைய தளத்தின் குறைபாடு சேராது, பொருள் மட்டும் தருவோம், கூலி தர மாட்டோம் என்று இருந்தது. அதுவும் பூச்சு தயாரிக்கும் கம்பெனி கொடுத்த கேரண்டி இல்லை, வேலை எடுத்தவரின் லெட்டர்ஹெட். இரண்டு முறை ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். அப்புறம் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். வியாபார நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்றால் 2019-ம் வருஷச் சட்டப்படி நுகர்வோர் என்ற வரையறைக்குள் வர மாட்டீர்கள், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும், சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்றார். வீட்டு மாடிக்கு இருக்கிற அந்த வழி கடைக் கட்டடத்துக்கு இப்படி அடைபடும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

2024 ஏப்ரலில் மேஸ்திரியையே கூப்பிட்டேன். ஓடு, ஜல்லி எல்லாம் எடுத்து மூன்று வாரம் வெயிலில் தளத்தைக் காயவிட்டோம். காய்ந்ததா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட்டோம். முதல் தடவை எடுத்தபோது உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. இன்னும் ஒரு வாரம் பொறுத்தோம். அப்புறம் விரிசல் அடைத்து, சுவரும் தளமும் சேரும் மூலையில் சாய்வாகக் கலவை பூசி, நாலு மில்லிமீட்டர் ஏபிபி ஷீட். ஒன்றின் மேல் ஒன்று பத்து சென்டிமீட்டர் ஏறி நிற்கும்படி ஒட்டினார்கள், கைப்பிடிச் சுவரிலும் ஒரு அடி ஏற்றினார்கள். குழாய் வாய்களை அடைத்து மூன்று நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் மேலே கான்கிரீட். பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம். ஏசி அவுட்டோர் யூனிட்டுகளுக்குத் தளத்தில் போல்ட் துளைக்காமல் தனி மேடை. மொத்தம் நாலரை லட்சம் ஆனது.

எல்லா மாடிக்கும் ஷீட்தான் சரி என்று சொல்ல மாட்டேன். குழாயும் தூணும் நெருக்கமாக இருக்கிற இடத்தில் ஷீட்டை வெட்டி ஒட்டுவது கஷ்டம், அங்கே பியூ கோட்டிங், அதாவது திரவமாகப் பூசிக் காயவிடும் பாலியூரித்தேன் பூச்சு, நல்லது. அதிலும் கனத்தை மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள், எத்தனை லிட்டர் இறங்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். சீல் உடைக்காத பக்கெட்டாக வர வேண்டும், உங்கள் கண் முன்னால் திறக்க வேண்டும். பத்து சதவீதப் பணம், மழைக்காலம் முடிந்து ஜனவரி வரை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கொட்டேஷன் வாங்கி வைத்திருப்பவர்கள் சதுர அடியையும், அவர்கள் சொன்ன பொருளையும் கனத்தையும் எனக்கு எழுதுங்கள். எத்தனை பக்கெட் வர வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.