காலாவதியான 12ஏபி பதிவை மீட்க வருமான வரி போர்ட்டல்: குமரி டிரஸ்ட்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

டிரஸ்ட்களுக்கு வருமான வரி விலக்குத் தரும் 12ஏபி பதிவு போய்விட்டது என்றதும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து டிரஸ்ட்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சென்னைக்குப் போகணுமா?" வேண்டாம். ஆணை போடுவது சென்னையிலுள்ள விலக்குகளுக்கான வருமான வரி ஆணையர்தான் என்றாலும் விண்ணப்பம், நோட்டீஸ், பதில், ஆணை நான்கும் போர்ட்டலிலேயே நடக்கின்றன. அலைச்சல் மிச்சம், அதற்கு முழு மார்க் கொடுக்கலாம். மார்க் குறைவது வேறு இடங்களில்.

பதிவு பறிபோவது பெரும்பாலும் தேதிக் குழப்பத்தால். 2021ல் படிவம் 10ஏ என்ற பதிவு விண்ணப்பம் போட்டு வாங்கிய ஐந்தாண்டுப் பதிவின் ஆயுள் 2026 மார்ச் 31 வரை. ஆனால் புதுப்பிக்கக் கெடு அதற்கு ஆறு மாதம் முன்பே, 2025 செப்டம்பர் 30. தவறவிட்டால் அந்தந்த ஆண்டு வருமானத்துக்கு வரி என்பதோடு நிற்காது. 115டிடி பிரிவின்படி டிரஸ்ட் சொத்தின் சந்தை மதிப்பில் கடனைக் கழித்து, மீதிக்கு உச்ச விகிதத்தில் வரி வரும். மெயின் ரோட்டில் பத்து சென்ட் வைத்திருக்கும் பழைய டிரஸ்டுக்கு அந்த இடத்தை விற்றுத்தான் கட்ட முடியும்.

மீள வழி 2024 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம். மன்னித்தால் விண்ணப்பம் உரிய நாளில் போட்டதாகவே கருதப்படும். 'ஆடிட்டர் சொல்லவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். செயலாளர் மாறிய தேதி, மருத்துவமனைச் சீட்டு, மினிட் புத்தகத் தீர்மானம் என்று தேதிவாரியாகக் காரணத்தைக் கட்டுங்கள். இந்தச் சலுகை சேர்க்கப்பட்டது, பதிவு விண்ணப்பம் பற்றிய 12ஏ பிரிவில்தான். நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அங்கீகாரத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 10ஏபியை நிரப்ப அரை மணி நேரம் போதும். சிக்கல், பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில். ஐந்தாண்டுப் பதிவைப் புதுப்பிக்க இரண்டாம் உட்பிரிவு, தற்காலிகப் பதிவை முறைப்படுத்த மூன்றாவது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாற்றித் தொட்டால் போர்ட்டல் மூச்சுவிடாது. மாதங்கள் கழித்து நிராகரிப்பு வரும். இங்கே சொன்ன எண்கள் 1961 சட்டத்தின்படி; 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் படிவ எண்ணையும் பிரிவு எண்ணையும் தாக்கல் செய்யும் அன்று ஒருமுறை சரிபாருங்கள்.

இணைக்க வேண்டியவை: டிரஸ்ட் பத்திரம், பழைய பதிவு ஆணை, மூன்றாண்டுக் கணக்கு, செயல்பாட்டுக் குறிப்பு. நம் மாவட்டத்துக்கென்று ஒரு தலைவலி உண்டு. 1956ல் தமிழ்நாட்டோடு இணைந்ததற்கு முந்தைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு எனும் மலையாள ஆண்டுத் தேதியோடு இருக்கும். 1110 மீனம் என்றால் 1935 மார்ச்-ஏப்ரல். ஆங்கில மொழிபெயர்ப்பையும் மூலத்தையும் ஒரே பிடிஎஃப்பாக வையுங்கள். தேதிப் பெட்டியில் ஆங்கிலத் தேதியைப் போடுங்கள்.

பத்திரத்தில் 'டிரஸ்ட் கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு டிரஸ்டுக்கு' என்ற வாசகம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேள்வி நிச்சயம். திருத்தப் பத்திரத்தை முதலிலேயே பதிந்துவிடுவது நல்லது. ஒரு சாதிக்கோ மதத்தவருக்கோ மட்டும் ஸ்காலர்ஷிப் என்று எழுதியிருந்தால் 80ஜி தேறாது. மதச் செலவும் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கோயில் கொடை விழாச் செலவோ தேவாலய அசன விருந்துச் செலவோ, கணக்கு ஒன்றுதான்.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை நோட்டீஸ் வரும் விதம். நோட்டீஸ் வந்த தகவல் லாகினில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். பல டிரஸ்ட்களில் அது எப்போதோ விலகிப்போன பொருளாளருடையது. பதில் கெடு நாட்கணக்கில்தான், மாதக்கணக்கில் இல்லை. பதில் போகாவிட்டால் நிராகரிப்புதான். விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை லாகினில் நோட்டீஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். பதிலில், குறிப்பில் சொன்ன ஒவ்வொரு பணிக்கும் கணக்கில் ஒரு செலவுத் தலைப்பும் வவுச்சரும் பொருந்த வேண்டும். 'இலவச தையல் பயிற்சி' என்று எழுதிவிட்டு கணக்கில் ஊசி வாங்கிய செலவுகூட இல்லையென்றால் அங்கேயே மாட்டுவீர்கள்.

ஆணை வர, விண்ணப்பித்த காலாண்டு முடிந்து ஆறு மாதம் வரை ஆகலாம். நிராகரித்தால், ஆணை கைக்கு வந்த மாதம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட டிரஸ்ட்களுக்கு, 2025 ஏப்ரல் 1க்குப் பிறகு போட்ட விண்ணப்பமென்றால் பத்தாண்டுப் பதிவு.

தாக்கல் செய்ய மட்டும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஆடிட்டருக்குக் கொடுப்பதானால் நோட்டீஸ் பதிலுக்குக் கொடுங்கள்; பேசும்போதே பதிலும் அந்தக் கட்டணத்தில் சேர்த்தியா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.