விட்பிக்கு தனியா போலாமா? ரெண்டு நாள் இருந்துட்டு வந்து எழுதறேன்

இங்கிலாந்துல லீட்ஸ்ல ஆஸ்பத்திரி வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும், நமக்கு லீவு கிடைக்கற நாள்ல ஃப்ரெண்ட்ஸுக்கு லீவு இருக்காது. அதனால இந்த தடவை யாருக்காகவும் காத்திருக்கல, அக்டோபர்ல செவ்வாய் புதன் ஆஃப் வந்துச்சு, பையை தூக்கிட்டு விட்பி கெளம்பிட்டேன். யார்க்ஷயர் கடலோரத்துல எஸ்க் ஆறு கடல்ல சேர்ற இடத்துல இருக்கற சின்ன ஊரு. தனியா போக யோசிக்கற பொண்ணுங்களுக்கு உதவும்னுதான் எழுதறேன். முதல்லயே சொல்லிடறேன், ஊருக்கு அஞ்சுக்கு நாலரை, குறைஞ்ச அரை ரூம் விஷயத்துக்காக.

போறதுக்கு கோஸ்ட்லைனர் 840 பஸ்ஸுதான் என் சாய்ஸ். லீட்ஸ், யார்க், மால்டன், பிக்கரிங் வழியா போகும், மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா நான் போனப்ப டிக்கெட் 3 பவுண்டுதான். மாடியில முன் சீட்டை பிடிச்சிடுங்க, தனியா போனா அந்த சீட்டு கிடைக்க சான்ஸும் அதிகம். பிக்கரிங் தாண்டினதும் வீடு, மரம் எல்லாம் குறைஞ்சு வெறும் மேட்டு நிலம், ஹெதர் செடி காஞ்சு பழுப்பா கிடக்கு (ஆகஸ்ட்ல போனா ஊதா கலர்ல இருக்கும்), ரோட்டோரம் ஆடுங்க, அப்புறம் ஒரு வளைவுல திடீர்னு தூரத்துல கடல். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, எட்டு மாசமா கடலையே பாக்கல. ரயில்ல வரணும்னா மிடில்ஸ்பரோல இருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியா ஒன்றரை மணி நேரம், அதுவும் அழகுதான், ஆனா ஒரு நாளைக்கு சில ரயில்தான், டைம் பாத்துட்டு போங்க.

இப்ப ரூம். நான் தங்கின இடம் பேரு வேண்டாம், சுத்தமாதான் இருந்துச்சு, ஆனா ஒரு ஆளுக்கும் ரெண்டு ஆள் வாடகைதான் வாங்கினாங்க, கேட்டா ரூம் ஒண்ணுதானேன்னு பதில். படுக்கறது நான் ஒருத்தி, காலையில சாப்பிடறது ஒரு தட்டு, இது நியாயமே இல்ல. சனி ஞாயிறு இன்னும் மோசம், நிறைய இடத்துல ரெண்டு ராத்திரி கட்டாயம் எடுக்கணுமாம். அதனால வார நாள்ல போங்க. பழைய தெருவுல நடந்தா கதவுக்கு கதவு நம்பர் பூட்டு போட்ட சாவிப் பெட்டி தொங்குது, எல்லாம் லீவுக்கு வாடகை விடற வீடுங்க. 2022ல ஊர்க்காரங்க ஓட்டெடுப்பு நடத்தி, புதுசா கட்டற வீட்டை இங்கயே நிரந்தரமா இருக்கறவங்களுக்குத்தான் விக்கணும்னு 2,111 பேர் ஓட்டு போட்டாங்க, எதிர்த்தவங்க 157 பேர்தான். ராத்திரி அந்த தெருவுல வரிசையா இருட்டா கிடந்த ஜன்னலை பாத்தப்ப அவங்க வருத்தம் புரிஞ்சுது.

பயமா இருந்துச்சான்னு கேப்பீங்க. இல்ல. ராத்திரி ஒன்பது மணிக்கு துறைமுகப் பாலத்துல (படகு வந்தா ரோடோட சேர்ந்து திரும்பி வழி விடும், 1908ல கட்டினது) நின்னுட்டு இருந்தேன், நாயோட வந்த ஒரு வயசான அம்மா "ஆர் யூ ஆல்ரைட், லவ்"னு கேட்டு, நான் சரின்னதும் அவங்க பாட்டுக்கு போயிட்டாங்க. பகல்ல அந்த ஊர்ல தனியா உக்காந்திருக்கறவங்க நிறைய பேர், யாரும் உத்து பாக்கறது கிடையாது.

இந்த ஊருக்கே உயிர் கிழக்குக் கரையில இருக்கற 199 படிதான். காலையில ஏழரைக்கு ஏறினேன், ஒரு ஈ காக்கா இல்ல. நடுநடுவுல அகலமான மேடை மாதிரி வரும், அந்தக் காலத்துல சவப்பெட்டி தூக்கிட்டு மேல இருக்கற சர்ச்சுக்கு போறவங்க இறக்கி வெச்சு மூச்சு வாங்கற இடம். மேல கல்லறைக் கல்லு எல்லாம் உப்புக் காத்து அரிச்சு எழுத்தே இல்லாம தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா நிக்குது, விரலை வெச்சா மணலா உதிருது. அதுக்கு அப்பால விட்பி அபே. 657ல ஹில்டுங்கற அம்மா ஆரம்பிச்ச மடம், ஆம்பளைங்க பொம்பளைங்க ரெண்டு பேருக்கும் அவங்கதான் தலைவி. இப்ப நிக்கற இடிஞ்ச சுவர் பெரும்பாலும் 13ம் நூற்றாண்டு. 1914 டிசம்பர்ல ஜெர்மன் போர்க் கப்பல் சுட்டதுலயும் அடி வாங்கியிருக்கு.

இங்கதான் கேட்மன்னு ஒரு மாடு மேய்க்கறவர் இருந்தாராம். விருந்துல எல்லாரும் முறை வெச்சு பாடும்போது, தனக்கு பாட வராதேன்னு எழுந்து போயி தொழுவத்துல படுத்துக்குவாராம், ஒரு ராத்திரி கனவுல யாரோ பாடுன்னு சொல்ல பாட ஆரம்பிச்சாராம். ஆங்கிலத்துல பேர் தெரிஞ்ச முதல் கவிஞர் அவர்தான். கூட்டத்தை விட்டு எழுந்து போன ஆளோட கதையை, கூட்டம் இல்லாத அந்த இடத்துல நின்னு நினைச்சு பாத்தது எனக்கு மறக்காது. அப்ப பாத்து கடல்ல இருந்து மூடுபனி ஏறி வந்துச்சு, இங்க ஃப்ரெட்னு சொல்றாங்க, பத்து நிமிஷத்துல அபே காணோம், சத்தம் மட்டும்தான், அலையும் கடல் காக்காவும். ஜாக்கெட்ல தொப்பி இருக்கட்டும், குடை அந்தக் காத்துல நிக்காது.

சாப்பாடு விஷயத்துல நம்ம ஆளுங்க ஒண்ணு கவனிக்கணும். யார்க்ஷயர்ல நிறைய ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்பாங்க, சிப்ஸும் அதுலதான், அதனால சைவம் சாப்பிடறவங்க "உருளைக்கிழங்குதானே"ன்னு வாங்கிடாதீங்க, எந்த எண்ணெய்னு கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க. எனக்கு அதுல பிரச்சனை இல்ல, ஹேடக் மீன் வாங்கினேன், கூட ஸ்க்ராப்ஸ் கேட்டேன், அது எண்ணெயில உதிர்ந்த மாவுத் துணுக்கு, நம்ம பஜ்ஜி கடை தூள் மாதிரி மொறுமொறுன்னு, காசு வாங்கல. ஒரு ரெஸ்டாரன்ட்ல மட்டும் "ஒருத்தர்தானா"ன்னு கேட்டு ஜன்னல் டேபிள் காலியா இருந்தும் டாய்லெட் பக்கத்துல உக்கார வெச்சாங்க. எழுந்து வந்துட்டேன். பார்சல் வாங்கி துறைமுக பெஞ்சுல சாப்பிட்டது ஆயிரம் மடங்கு மேல், ஆனா பொட்டலத்தை கையால மூடிக்கோங்க, கடல் காக்கா பின்னாடி இருந்து வரும்.

சர்ச் ஸ்ட்ரீட்ல ஜெட் நகைக் கடைங்க. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல்ல மூழ்கின மரம் கல்லா ஆனதுதான் ஜெட், கன்னங்கரேல்னு இருக்கும். புருஷன் ஆல்பர்ட் 1861ல செத்தப்புறம் விக்டோரியா ராணி துக்கத்துக்கு போட்டாங்க, அதுக்கப்புறம் மவுசு கூடிடுச்சு. கடைக்காரர் என் உள்ளங்கையில ஒரு பக்கம் ஜெட், ஒரு பக்கம் கருப்பு கண்ணாடி வெச்சார். கண்ணாடி சில்லுனு கனமா இருக்கு, ஜெட் பஞ்சு மாதிரி லேசு, கொஞ்ச நேரத்துல கை சூடு ஏறிடுது. வாங்கறதுக்கு முன்னாடி இப்படி தொட்டு பாருங்க. எனக்கு ஒரு சின்ன கம்மல், அம்மாவுக்கு ஒண்ணு.

குக் மியூசியமும் நல்லா இருக்கு, கடல் பயணத்துக்கு பேர் போன கேப்டன் குக் 1746ல பையனா கப்பல் வேலை கத்துக்க வந்து தங்கின வீடு. நேரம் இருந்தா ராபின் ஹூட்ஸ் பேங்கற பக்கத்து கடலோர ஊருக்கு கடலை ஒட்டின பாறை மேட்டு வழியா நடக்கலாம், ஏழு மைல். திரும்பி X93 பஸ். தனியா நடந்தா விளிம்பு ஓரம் போகாதீங்க, மண் சரியற இடம்.

கடைசியா ஹென்ரியட்டா ஸ்ட்ரீட்ல ஃபார்ச்சூன்ஸ்ங்கற கடை. 1872ல இருந்து ஹெர்ரிங் மீனை பிளந்து புகையில தொங்க விட்டு கிப்பர் போடறாங்க, தெரு முனையிலயே வாசனை வந்துடும். ஒரு ஜோடி வாங்கிட்டு வந்தேன். வீட்ல சட்டியில போட்டா புகை வாசம் ரெண்டு நாள் போகாதுன்னு ஒருத்தர் சொல்லிக் கொடுத்தபடி, உயரமான ஜக்குல வாலு மேல இருக்கற மாதிரி நிக்க வெச்சு கொதிக்கற தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் விட்டேன், முள்ளை எடுத்துட்டு, சின்ன வெங்காயம் காஞ்ச மிளகாய் வதக்கி பிரட்டி, சுடு சோத்துல. அடுத்த தடவை ரெண்டு ஜோடி வாங்கணும்.